உன்னைத் தேடி வந்த நீலக்கொடி

இன்று காலை கடையைத் திறந்து கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, என் முழங்கையில் ஏதோ உரசியது. அரத்தாளைப் போன்ற சொரசொரப்பு. திரும்பிப் பார்த்தேன். நீ பதியம் வைத்து எடுத்துத் தந்த கொடி, கம்பியில் ஏறி முதல் பூச்சரத்தைத் தொங்கவிட்டிருந்தது. கையிலிருந்த பைப்பை மணலில் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். தண்ணீர் வெங்காயத் தோட்டத்துப் பக்கம் ஓடி வீணாகிப்போனது.

நுரைச்சோலைச் சந்தியிலிருந்து சற்றுத் தள்ளி, நாமிருவரும் சேர்ந்து பூக்கன்றுக் கடை போட்ட காலம் நினைவிருக்கிறதா? இரண்டு வயது மூத்தவள் என்பதற்காக என்னை ராத்தா என்று கூப்பிடுவாய். தலவிலத் திருவிழாவுக்குப் போகும் பஸ்கள் நம் கடையடியில் நிற்கும். இறங்கி வருபவர்கள் ரோசாக் கன்றின் விலை கேட்டால், நீ விலையைச் சொல்லமாட்டாய். அந்த ரோசா எந்த நாட்டிலிருந்து எந்தக் கப்பலில் வந்தது என்று கதை சொல்லத் தொடங்குவாய். விலையை நான் சொல்ல வேண்டியிருக்கும்.

காடு காடாக அலைந்து செடி பிடித்து வந்தவர்களின் கதைகள் எல்லாம் உனக்குத் தெரியும். கடதாசிப்பூவை முதலில் கண்டது ஆண்வேடம் போட்டுக் கப்பலேறிய ஒரு பிரெஞ்சுக்காரி என்று ஒரு கதை உண்டு. அதைச் சொல்லும்போதெல்லாம், "பாருங்க ராத்தா, ஒரு பூவுக்காகப் பொம்புள ஆம்புளயாகிப் போயிருக்கா" என்று சிரிப்பாய்.

ஆனால் நீ உண்மையில் தேடியது ஒன்றைத்தான். மன்னாரில் உன் உம்மாவின் வாசலில் நின்ற நீலக்கொடி. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் நீங்களும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது நீ சின்னப்பிள்ளை. வாப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, தோளுக்கு மேலால் நீ கடைசியாகப் பார்த்தது அந்தக் கொடியைத்தான். அதன் கடும் ஊதா இதழ்கள் சுழன்று சுழன்று விழுந்துவிடும். விழுந்த பிறகும் சாம்பல் நீலத்தில் பூவின் வடிவம் கொடியிலேயே நிற்கும். "செத்த பொறகும் போகாத பூ" என்று உன் உம்மா சொல்வாராம்.

மெக்சிக்கோப் பக்கத்துக் காட்டில் அதைக் கண்டெடுத்த வைத்தியர் ஜமேக்காவில் இளமையிலேயே இறந்துபோனார் என்றும், எந்தப் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்களோ அவரும் முப்பது வயதைக் காணாமல் அம்மையில் போய்ச்சேர்ந்தார் என்றும் நீதான் எனக்குச் சொன்னாய். அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகொரு நாள் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து கன்று வாங்க வந்த மிளகாய்த் தோட்டக்காரர், உப்புநீர்க் களப்போரம் ஒரு பாழ்வீட்டில் அப்படியொரு கொடி நிற்கிறது என்றார். அப்போதே கடையைப் பூட்டினாய். ஓட்டோவில் போய் இறங்கியபோது உச்சி வெயில். மழையைக் காணாத வருடம் அது. வழியெல்லாம் பனைகூடக் கருகி நின்றது.

படலைக் கதவடியில் நீ நின்றுவிட்டாய்.

"என்ன புள்ள?" என்றேன்.

"வலது பக்கம் கெணறு இரிக்கும்," என்றாய் மெதுவாக. "அங்கால ஒரு மாதுள. படியில மூணாவது கல்லு ஒடஞ்சிருக்கும்."

"இதுக்கு முந்தி வந்திருக்கியா?"

"இல்ல ராத்தா. இது எங்கட ஊட்டு வாசல்."

உள்ளே போனோம். கிணறு வலது பக்கம் இருந்தது. மாதுளை இருந்தது. மூன்றாவது படியின் ஓரம் உடைந்திருந்தது. கூரையில்லாத அந்த வீட்டின் சுவர்மேல் கொடி படர்ந்து, நிலமெல்லாம் ஊதாப்பூ. காற்றில்லை. களப்புப் பக்கமிருந்து ஒரு பறவையின் சத்தம்கூட வரவில்லை. நீ குனிந்து கொடியின் அடியில் கை வைத்தாய். விரல்களில் ஈரமண் ஒட்டியது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் காய்ந்த சருகு மட்டுமே கிடந்தது.

"யாரோ தண்ணி ஊத்துறாங்க," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "வா, போவோம்."

நீ வரவில்லை. சுவரில் கன்னத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே அழுதாய். உன் கையைப் பிடித்து இழுத்துத்தான் ஓட்டோவில் ஏற்றினேன்.

தோட்டக்காரரிடம் கேட்டபோது தலையை ஆட்டினார். "அந்தக் காலத்துல கப்பல்ல செடி கொண்டு வந்த வெள்ளக்காரன் ஒருத்தன் கட்டினதாம். இப்ப ஆரும் போறல்ல. தண்ணி ஊத்த யாரிரிக்கா அங்க?"

அடுத்த மாதம் உன் கூடப்பிறந்த நானாவைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனாய். திரும்பி வந்து, கடைக் கதிரையில் உட்கார்ந்தபடி சொன்னாய். உங்கள் வீட்டில் சுவர்கள் மட்டும் மிச்சமாம். கொடி நின்ற இடத்தில் ஒரு குழி. பழைய குழியில்லை. ஓரம் சரியாமல், நேற்றுத் தோண்டியதுபோல் ஈரமாக இருந்ததாம். பக்கத்துக் காணிக்காரர், இந்தப் பக்கம் மண்வெட்டியோடு யாரும் வந்ததில்லை என்று சத்தியம் செய்தாராம்.

"ஆரும் புடுங்கல்ல ராத்தா," என்றாய். "நாமதான் செடியத் தேடிப் போறம் எண்டு நெனக்கிறம். இது என்னத் தேடி வந்திரிக்கி."

"பைத்தியக் கதை கதைக்காத."

"ஓம், பைத்தியந்தான்," என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதிதான் என்னை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. இத்தனை வருடம் அகதி, அகதி என்று கேட்டே வளர்ந்தவள் நீ. முதல்முறையாக வீட்டுக்குப் போய்வந்தவளின் முகம் உனக்கு.

அதன்பிறகு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அடிக்கடி அங்கே போகத் தொடங்கினாய். என்னை ஒருமுறையும் கூப்பிடவில்லை. ஒருநாள் இந்தக் கன்றைப் பொலித்தீன் பையில் கொண்டு வந்து, "ஒங்களுக்கு. விக்காதீங்க," என்றாய். அடுத்த வாரம் டெங்கு. புத்தளம் ஆசுபத்திரியில் நான் உன் கட்டிலடியிலேயே இருந்தேன். ஒரு விடியலில் நீ கண்ணைத் திறக்கவில்லை.

அடக்கத்துக்கு முன் உன்னைக் குளிப்பாட்டிய பெண்களில் நானும் இருந்தேன். ஆசுபத்திரியில் நான்தான் உனக்குத் தினமும் தலைவாரிப் பின்னிவிட்டேன். அதனால் பின்னலை நானே அவிழ்த்தேன். உள்ளே ஒரு ஊதாப்பூ இருந்தது. வாடவில்லை. அதன்மேல் தண்ணீர்கூட நின்றது.

உன் மச்சி, நானாவின் மனைவி, என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க வச்சீங்களா ராத்தா?"

"இல்ல."

 பூவை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, இருவரும் ஓதிக்கொண்டே உன்னைக் கழுவி முடித்தோம். பிறகு பார்த்தபோது பூ அங்கே இல்லை. அதைப் பற்றி அவளும் நானும் இன்றுவரை கதைத்ததில்லை.

அந்தக் களப்போர வீட்டுக்கு நான் மறுபடி போகவில்லை. போகத் துணிவில்லை என்பது உண்மை. ஆனால் உன்னை நினைத்து நான் துக்கப்படும் விதம் மாறிவிட்டது. ஊரில்லாதவளாக நீ போய்விட்டாய் என்று மற்றவர்கள் சொல்லி அழும்போது, என்னால் அவர்களோடு சேர்ந்து அழ முடிவதில்லை.

உன்னோடு திரிந்த நாட்களில் இல்லாத ஒரு பழக்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. கன்று நடவோ கிளை வெட்டவோ எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், யாருமில்லை என்று தெரிந்தாலும், வாசலில் நின்று சலாம் சொல்கிறேன். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்து நிற்கிறேன். பதில் வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். வராதபோது ஏமாந்துபோகிறேன்.