மிஷினுக்குக் கட்டிய காப்பு

சங்கரன்கோவில்
21-8-84

அன்பு மகன் கோமதிசங்கருக்கு அப்பா மூக்காண்டி எழுதுவது. பிலாயில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க கோமதியம்மாள் துணை. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், எனக்குத்தான் அந்த வரி வரமாட்டேன் என்கிறது. எப்போதும் அவள் எழுதுவாள், நான் அடியில் கையெழுத்துப் போடுவேன். இந்தத் தடவை கோழி கிளறின மாதிரி என் எழுத்தைக் கண்டதுமே உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு வலது கையில் அடிபட்டுவிட்டது, நீ வாங்கி அனுப்பின ரம்ப மிஷினில்தான். ஆள்காட்டி விரலைப் பாதியோடு எடுத்துவிட்டார்கள், நடுவிரல் இனி மடங்காதாம். மிஷின் மேல் குற்றம் இல்லை மக்கா, எல்லாம் என்னால் வந்தது.

மிஷின் கூட்ஸில் வந்து சேர்ந்த கையோடு உன் லெட்டரும் வந்தது, அம்மா வாசித்துக் காட்டினாள். சுற்றுகிற பாகத்துக்குக் காப்புப் போடாமல் ஒருநாளும் ஓட்டாதீர்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். ஐ.டி.ஐ.யில் நீ படித்த வார்த்தையாக இருக்கும். எனக்குக் காப்பு என்றால் கையில் கட்டுகிற காப்புக் கயிறுதான் தெரியும், ஆடித்தபசுக்குக் கொடியேறுகிற நேரம் வேறு. பிள்ளை எங்கேயோ கிடந்தாலும் சாமியை மறக்கல பாத்தியாட்டி என்று உன் அம்மாவிடம் பெருமையடித்தேன். அவள் லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டுங்கன்னு எழுதலயே, போடுங்கன்னுல்லா எழுதிருக்கான், சாக்குக்குள்ள ஒரு தகரம் வளைஞ்சு கிடந்துச்சே, அதைத்தான் சொல்லுதானோ என்னமோ, ஒரு கார்டு போட்டு அவன்கிட்டயே கேட்டுருவோம் என்றாள். அவ்வளவு தெளிவாகக் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஏட்டி, உளி பிடிச்சே தலை நரைச்சவன் நான், எனக்கு நீ மரவேலை படிச்சுக் குடுக்கியா, போயி உன் சோலியப் பாரு என்றேன். அந்தத் தகரம் தனியாக வைக்கோல் சுற்றி வந்ததால் சாமான் அடிபடாமல் இருக்க வைத்தது என்று நினைத்து, பருந்துக்குப் பயந்து கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூட எடுத்துக்கொண்டேன். குஞ்சுகள் பத்திரமாக இருந்தன, உன் அம்மாதான் இல்லை. கோயிலுக்குப் போய்வந்து மஞ்சள் துண்டு வைத்துக் கயிறு முறுக்கி, பெல்ட் ஓடுகிற சக்கரத்தை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தண்டில் கட்டினேன். மிஷினுக்கு அதுதான் மணிக்கட்டு மாதிரி எனக்குத் தோன்றியது. ஓட்டும்போது கயிற்று நுனி படபடவென்று அடிக்கும். அந்த நுனியையாவது நறுக்கி விடுங்களேன் என்று அதையும் அவள்தான் சொன்னாள். கட்டின காப்பைத் தபசு முடியாமல் தொடக்கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் பேசினேன்.

தபசுக்கு முந்தின நாள் கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருவருக்கு ஜன்னல் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தேன். அம்மா காப்பி கொண்டுவந்து கூப்பிட்டிருக்கிறாள், மிஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து டம்ளரை வைக்கக் குனிந்தாள், முந்தானை அந்தக் கயிற்று முடிச்சில் மாட்டிச் சுருட்ட ஆரம்பித்துவிட்டது. வலது கையால் சேலையைப் பிடித்து இழுத்தாள், கையும் சேர்ந்து பெல்ட்டுக்குள் போய்விட்டது. ஐயோ, எனக்கு சுவிட்சு எந்தப் பக்கம் என்றே மறந்துபோயிற்று. பக்கத்து வீட்டுத் துரைப்பாண்டி அலறல் கேட்டுச் சுவரேறிக் குதித்து பீஸ் கட்டையைப் பிடுங்கினான், அவன் நன்றாக இருக்க வேண்டும். வாடகைக் கார் பிடித்து பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பனவடலிசத்திரம் தாண்டுகிறபோதுகூட, துணி சுற்றின கையை என் மடியில் வைத்துக்கொண்டு, பையனுக்கு எழுதிராதீங்க, லீவு போட்டு ஓடி வந்துருவான் என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை, அதையும் மன்னித்துக்கொள்.

இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டினாலாவது எனக்குச் சோறு இறங்கும். மிசினுக்குக் கயித்தைக் கட்டுனீங்க, எனக்கு டாக்டர் கட்டுப் போட்டாரு, கட்டுறதுக்கும் போடுறதுக்கும் இப்பமாவது வித்தியாசம் தெரிஞ்சுதா என்று கேட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். இடக்கையால் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை, நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன். உப்புப் போதாது, ரசம் வெந்நீராக இருக்கிறது என்று குறை வேறு, சமைக்கிறதும் நான்தானே. இந்தச் சனியனை விற்றுவிடுகிறேன் என்றதற்கு மட்டும் கோபப்பட்டாள். மிசினு என்ன செஞ்சுது பாவம், பிள்ளை ஆசையா அனுப்புனது, தகரத்தை மாட்டிட்டு ஓட்டுங்க என்று பிடிவாதம். குஞ்சுகளுக்குக் கூடையைக் கவிழ்த்துவிட்டு, தகரத்தைக் கழுவி எடுத்துப்போனேன். அதற்கான திருகு ஓட்டைகள் மிஷினில் முதல்நாளில் இருந்தே இருந்திருக்கின்றன. ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, மாட்டி முடிந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், உன்னிடம் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

நீ எழுதினதில் ஏதோ பிசகு என்று மனசைப் போட்டு உளப்பாதே. நீ சரியாகத்தான் எழுதினாய், அவளும் சரியாகத்தான் வாசித்தாள். இனி அப்பாவுக்கு எழுதுகிறபோது மூடி என்றே எழுது. வேளைக்குச் சாப்பிடு, தொளதொள சட்டையோடு மிஷின் பக்கம் நிற்காதே. அம்மாவைப் பார்க்க லீவு கிடைக்கிறபோது வா, உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது என்றாலும் வா. சங்கரலிங்க சாமியும் கோமதியம்மாளும் உன்னைக் கைவிட மாட்டார்கள், நீயும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள். இன்னொன்று, மறந்துவிடாதே. நீ ரயில் ஏறுகிற அன்று அம்மா உன் வலது கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிவிட்டாளே, அதை ஒருநாளும் அவிழ்க்கக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததில் இருந்து அந்த நினைப்புத்தான் அவளுக்கு. நான் எழுதினால் நீ நம்பமாட்டாய் என்று பேனாவைப் பிடுங்கி இடக்கையால் கீழே எழுதியிருக்கிறாள், கூட்டிப் படித்துக்கொள்.

ஆசீர்வாதத்துடன்
உன் அப்பா
மூக்காண்டி

கயித்தக் கழத்திரு மக்கா. அம்மா