மாமன் வாயடைத்த ஹூட்டர்

போபோடி, பூனா
12-8-1986

அன்பு மகள் ருக்மிணிக்கு அப்பா துரைசாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறேன். முதலில் சேதி, உன் ஜம்பு மாமாவின் வேலை தப்பித்தது. எங்கள் பாய்லர் ரூம் ஹூட்டர், அதாவது ஆபத்துச் சங்கு, உனக்குத் தெரியாது, கதவு திறந்தால் கத்தும், பல்பு போனால் கத்தும், நாங்களும் தலையைத் திருப்பாமலே கையை நீட்டிப் பட்டனை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டு டீயைக் குடிப்போம். என் மச்சானுக்குக் கையை நீட்டுவதும் கஷ்டம், ஹூட்டர் வாயில் கந்தல் துணியைத் திணித்துவிட்டான். அன்றைக்கென்று பாய்லரில் தண்ணீர் இறங்கியது, எவன் காதிலும் விழவில்லை, பாய்லர் தானாக நின்று கம்பெனியே அரை நாள் படுத்துவிட்டது. சீட்டைக் கிழிப்போம் என்று மாமாவுக்கு மெமோ. ஒரே இடத்துல வேலை பாக்கறீங்க, என் தம்பியைக் கவனிக்கலையா என்று உன் அம்மா எனக்குத் தனி மெமோ.

விசாரிக்க வந்தவர் சுந்தரராமன் சார், புது இன்ஜினியர். திட்டுவதற்கு முன்னால் எங்களோடு ஒரு பகல் ஷிப்ட் உட்கார்ந்தார். காதைப் பொத்திக்கொண்டு, இவ்வளவு கத்துதே, இதுல எதுக்கெல்லாம்யா நீங்க எழுந்து போய் வேலை செய்யணும் என்று கேட்டார். யோசித்தால் நாலைந்துக்குத்தான். அப்ப அதுக்கு மட்டும் கத்தட்டும், மத்ததுக்கு விளக்கு எரிஞ்சா போதும் என்றார். பெரிய மேனேஜர் அரை மனதாகச் சம்மதித்து, ஒரு வாரம் ஜம்புவே அந்த விளக்குகள் இருக்கும் பேனல் முன்னால் உட்காரட்டும், சரிப்படாவிட்டால் ஹூட்டர் பழையபடி, ஜம்பு வீட்டுக்கு என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் கூத்தைக் கேள். ரூமில் சத்தமே இல்லை, பழகாத அமைதியில் எல்லோரும் ஹூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். செத்துப்போச்சா பாரு என்று மாமா டெஸ்ட் பட்டனை அமுக்குகிறான், அது கத்துகிறது, நிம்மதியாக உட்காருகிறான், டீ ஆறுவதற்குள் மறுபடி அமுக்குகிறான். சார் ஓடி வந்து, நான் பாடுபட்டுத் தூங்க வெச்சா நீ கிள்ளி விடறியா என்று சிரித்து, அந்த டெஸ்ட் பட்டன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனார்.

நேற்று சாப்பாட்டுக்கு முன்னால் அது தானாகக் கத்தியது. எவன் கையும் சத்தத்தை நிறுத்தும் பட்டனுக்குப் போகவில்லை கண்ணு, அத்தனை தலையும் பேனலுக்குத் திரும்பியது. தண்ணீர் விளக்கு எரிகிறது, பம்பு நின்றிருக்கிறது. சொந்தக் கல்யாணத்துக்கே ஆடி அசைந்து வந்த உன் மாமன் தொப்பை குலுங்க ஓடி இரண்டாவது பம்பைப் போட்டான். தண்ணீர் ஏறியது, பாய்லர் நிற்கவில்லை.

இன்று மெமோவை மேனேஜர் திரும்ப வாங்கிக்கொண்டார். கம்பெனியையே என் தம்பி காப்பாத்திட்டான் என்று உன் அம்மா வீடு வீடாகப் பேடா கொடுக்கிறாள், துணி திணித்தது யார் என்று நான் கேட்டால் ராத்திரிக்குச் சோறு கிடையாது. நீயும் மாப்பிள்ளையைத் தொட்டதற்கெல்லாம் அதட்டாதே, பட்டனை அமுக்கப் பழகிவிடுவார்.

முருகன் உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருக்கட்டும், வெயிலில் அலையாதே. மாமாவுக்கு மறக்காமல் நாலு வரி எழுது. சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மச்சான், நாளைக்கும் நான் வேலைக்கு வரலாம் என்று என்னிடம் சொன்னான், சொல்லும்போதே அழுதுவிட்டான். அவன் சைக்கிளை நானே வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன்.

இப்படிக்கு
ஆசிகளுடன் உன் அப்பா
துரைசாமி