உள்ளங்கை நீளக் கார்

1957 ஆகஸ்ட் 11, ஞாயிறு

விடிகாலையில் காற்றும் மழையும். கூரைத் தகரம் ஒன்று தூக்கிக்கொண்டது. ஏறி அடிக்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

மேனேஜர் துரை நேற்று கொடுத்த பெட்டியைத் திறந்தேன். சிங்கப்பூரிலிருந்து வரவழைத்ததாம். பெட்டி மேல் அவருடைய கார் மாதிரியே படம்: இரண்டு பேர் உட்காரும் சின்ன வேகக் கார், துணிக்கூரை, கம்பிச் சக்கரம். உள்ளே பார்த்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் முப்பத்தெட்டுத் துண்டுகள், ஒரு பசை டியூப், இங்கிலீஷில் ஒரு தாள். ஒட்டி முடித்தால் என் உள்ளங்கை நீளம்.

துரை மாதக் கடைசியில் சீமைக்குக் கப்பல் ஏறுகிறார். நிஜக் காரை விற்றாயிற்று, போகும் வரை ஓட்டுவார். அதன் ஞாபகமாக இது. மூன்று வருஷம் முந்தி அவர் காருக்கு நான் கலந்து அடித்த அதே பச்சை வேண்டும். பிளேட்டில் அதே நம்பர் கையால் எழுத வேண்டும். மலாக்காவிலேயே உன் கைக்கு ஈடு இல்லை என்றார், கார் பெயிண்ட் ஷாப்பில் எல்லாரும் கேட்கும்படி. எனக்குக் கீழே வேலை பார்க்கும் மணியமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

என் கை. அதை எழுதத்தான் இந்த நோட்டு. தைப்பூசத்திலிருந்து வலது கை நடுங்குகிறது. ஸ்ப்ரே துப்பாக்கி கனம், அதைப் பிடித்தால் தெரிவதில்லை. மெல்லிய பிரஷ் பிடித்தால் தெரியும். கார் ஓரத்தில் கோடு போடும் வேலை வந்தால் வயிற்றுவலி என்று மணியத்திடம் தள்ளிவிடுகிறேன். மூன்று தடவை ஆயிற்று. யாருக்கும் தெரியாது. வீட்டில் பெண்டாட்டிக்கும் தெரியாது.

செல்லம் இன்றைக்கும் அரை டம்ளர் காப்பிதான் கொடுத்தாள். கேட்டால் பால் போதவில்லை என்கிறாள். பால் டின் முழுசாக இருக்கிறது, பார்த்தேன். வரவரக் கஞ்சம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கா. ஐந்தரை. வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம். காலையில் ஆட்டம் கொஞ்சம் குறைவு.

முடிந்தது: அடித்தட்டு, இரண்டு சீட், டேஷ்போர்டு.
முடியாதது: ஸ்டியரிங்.

ஸ்டியரிங் சட்டைப் பொத்தான் அளவுதான். நான்கு தடவை விழுந்தது. கடைசியில் மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி, மூச்சைப் பிடித்து வைத்தேன். நின்றது, கொஞ்சம் கோணலாக. சட்டை நனைந்துவிட்டது.

செ. கதவைத் தட்டி, எதற்குத் தாழ்ப்பாள் என்றாள். தூசி படும் என்றேன்.

மதியம் டீ நேரத்தில் சிகரெட் பற்றவைத்தேன். இரண்டு குச்சி அணைந்தது. மணியம் தன் குச்சியைக் கிழித்து நீட்டினான். "அண்ணே, கை குளிருதா?" என்றான். ஆமாம், மழை இல்லையா என்றேன். வெளியே தார் உருகும் வெயில்.

பார்த்துவிட்டானோ.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஷாப்பை வாங்கும் புது முதலாளி, தவுக்கே, வந்தார். சீனர், அதிகம் பேசாதவர். ஒவ்வொருவரையும் நிறுத்தி என்ன வேலை, எத்தனை வருஷம், என்ன வயது என்று கேட்டார். நாற்பத்தாறு என்றேன். என் கையைப் பார்த்தார். அல்லது பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. கந்தல் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று அடுத்த மாதம் சொல்வாராம்.

பதினாலு வயதிலிருந்து பெயிண்ட். வேறு ஒன்றும் தெரியாது. படிப்பும் அதிகம் இல்லை. கை இல்லையென்றால் நான் யார் என்றே தெரியவில்லை. மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சைக்கிளை எடுத்தேன். பாதி வழியில் திருப்பி, தெங்கேரா பக்கம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். டாக்டர் இதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அது போகாது.

மீன் கேட்டிருந்தாள். வாங்க மறந்துவிட்டேன். ஏச்சு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நாசம்.

ஷாப்பிலிருந்து பச்சை லாக்கர் பெயிண்டும் தின்னரும் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்திருந்தேன். அதே கலவை. பழைய பூச்சி மருந்துத் துப்பாக்கியில் ஊற்றி, வாசலில் வைத்து அடித்தேன். ஒரே மூச்சில் ஒரு பூச்சு. அழகாக விழுந்தது. உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், எஞ்சின் மூடி முழுக்கப் பாலாடை மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. கார் கரைகிறது.

முதலில் கைதான் என்று நினைத்தேன். நடுக்கத்தில் ஒரே இடத்தில் அதிகம் அடித்துவிட்டேன் என்று. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மலாக்காச் செட்டி வீட்டு அம்மாள், அவர்களுக்கு வீட்டிலும் மலாய்தான், வேலி மேல் எட்டிப் பார்த்து, புதுக் கார் வாங்கியாச்சா என்று மலாயில் கேலி செய்தாள்.

அப்புறம் ஒரு யோசனை. மிச்சமிருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு சொட்டுத் தின்னர் விட்டுப் பார்த்தேன். அதுவும் கரைந்தது.

தப்பு கையுடையது இல்லை. இரும்புக்கே அடித்துப் பழகியவன், பிளாஸ்டிக் என்று நினைக்கவே இல்லை. பெயிண்டே தெரியாத ஒருவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு துரையின் முகம் ஞாபகம் வந்தது. இன்னொரு பெட்டி வரவழைக்க நாள் இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

அடிபட்ட காருக்குச் செய்வதையே செய்கிறேன்.

சுருங்கியதை வாட்டர் பேப்பரில் தேய்த்து இறக்கினேன்.
பள்ளம் அடைக்கும் பட்டி, மெல்லிசாக. காயவைத்து இன்னொரு தரம்.
மறுபடி தேய்ப்பு. மறுபடி.

தேய்க்கும்போது கை ஆடுவது தெரியவில்லை. தேய்ப்பதே ஆட்டம்தானே.

லாக்கர் வேண்டாம். கதவுக்கு அடிக்கும் எண்ணெய்ப் பெயிண்டில் பச்சை, ஒரு துளி கறுப்பு, ஊசி முனை மஞ்சள். மதியம் துரை காருக்குப் பக்கத்தில் நின்று, குச்சியில் தடவி ஒப்பிட்டேன். ஐந்தாவது கலவை சரி. கண் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நம்பர் பிளேட். அரிசி இரண்டைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு.

ஒரு எழுத்து, நான்கு எண். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். மணிக்கட்டுக்குக் கீழே தீப்பெட்டி. மூச்சை விட்டதும் ஒரு சின்ன இடைவெளி வருகிறது, அப்போது மட்டும் ஆட்டம் நிற்கிறது. அதற்குள் ஒரு இழுப்பு. தவறினால் துடை. பதினொரு தடவை துடைத்தேன். பத்தேகாலுக்கு முடிந்தது.

ஐந்து எழுத்துக்கு நாலேகால் மணி நேரம். முன்பெல்லாம் ஒரு லாரிக் கதவு முழுக்க எழுதியிருப்பேன், பாட்டுப் பாடிக்கொண்டே.

அழுகை வந்தது. செ. அடுப்படியில் இருந்தாள், கேட்டிருக்காது.

ஆகஸ்ட் 29, வியாழன்

கொடுத்தேன். துரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளேட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எஞ்சின் மூடியில் விரலை ஓட்டினார். விரல் நின்றது. பட்டியா என்றார். ஆமாம் சார், அடி பட்டது என்றேன். தலையாட்டினார். அவர் காரிலும் அதே மூடியில்தான் அடி, புக்கிட் கட்டில் ரோட்டில் மரத்தில் மோதியது. அதையும் நான்தான் சரி செய்தேன். வேண்டுமென்றே அதே மாதிரி செய்தேன் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

கை கொடுத்தார். நான் இடது கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். போகும்போது ஒரு நல்லது செய்துவிட்டுப் போகிறேன் என்றார். தவுக்கேயிடம் என்னைப் பற்றிச் சொல்லி, இந்தக் காரையும் காட்டிவிட்டாராம். தவுக்கே ஆசைப்பட்டுவிட்டாராம். திங்கட்கிழமை காலையில் தவுக்கேயின் சொந்தக் காருக்கு, முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை, நான் கோடு போட வேண்டும். எல்லார் முன்னாலும். பிரஷ்ஷில்.

துரை முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நன்றி சார் என்றேன்.

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேக்கா, சுதந்திர நாள். திடலில் நிற்க இடமில்லை. வானொலியை ஒலிபெருக்கியில் வைத்திருந்தார்கள். எல்லாரும் வலது கையைத் தூக்கிக் கத்தினார்கள். நான் இடது கையைத் தூக்கினேன். வலது கை பாக்கெட்டில்.

மணியம் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "அண்ணே, திங்கக்கிழமை வேணும்னா வயித்துவலின்னு சொல்லிடுங்க. நான் பாத்துக்கிறேன்." மூன்று தடவையும் தெரிந்தேதான் செய்திருக்கிறான். இத்தனை நாள் அவனைப் பார்த்துத்தான் பயந்தேன்.

ஆனால் எத்தனை தடவை வயிற்றுவலி வரும்? தவுக்கே அடுத்த நாள் கேட்பார், அதற்கு அடுத்த நாளும் கேட்பார். இப்போது நிஜமாகவே வயிற்றுவலி.

மேலே எழுதியதை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. கை அவ்வளவு

செப்டம்பர் 1, ஞாயிறு

இதை எழுதுவது செல்லம். நேற்று ராத்திரி எழுத முடியாமல் நோட்டை என்னிடம் நீட்டிவிட்டார். இவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

நாளைக்கு ஷாப்புக்குப் போனதும் முதல் வேலை தவுக்கேயிடம் பேசுவது. கலர் கலப்பேன், துப்பாக்கி பிடிப்பேன், பட்டி தேய்ப்பேன். கோடு போட முடியாது, கை நடுங்குகிறது. கோட்டை மணியம் போடட்டும், அவன் கை நல்ல கை. வைத்துக்கொண்டால் சரி. நிறுத்தினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அதையும் எழுது.

இவ்வளவுதான் சொன்னார். குளிக்கப் போய்விட்டார். இனிமேல் நான்.

நோட்டு முழுக்கப் படித்துவிட்டேன். என் பேரைக்கூட முழுசாக எழுதாமல் செ. என்று போட்டிருக்கிறார். கஞ்சம் என்றும் எழுதியிருக்கிறார்.

போன தீபாவளி அன்று காலையில் காப்பி கொடுத்தேன். வாயருகே கொண்டுபோவதற்குள் தளும்பிப் புது வேட்டியில் சிந்திவிட்டது. இப்படியா வழிய வழிய ஊற்றுவாய் என்று என்னைத்தான் திட்டினார். நான் அவர் கையைப் பார்த்தேன். அன்றிலிருந்து அரை டம்ளர்தான் ஊற்றுகிறேன்.