விட்டுப்போன ஒரு வரி

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லுக்காரத் தம்பி எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? நேற்று மூன்று முறை போன் செய்தேன், வழக்கம்போல நீ எடுக்கவில்லை. ஒன்பது வருஷமாக உன்னிடம் பேச வேண்டுமென்றால் தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கிறது.

உன் பெண் வாலு அனுப்பிய எக்ஸ்ரேயைப் பார்த்தேன். அவளுடைய வலது கீழ் ஞானப்பல் எலும்புக்குள் படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை முட்டுகிறது. எடுத்துத்தான் ஆக வேண்டும். இருபத்தெட்டாம் தேதி காலை அவளுக்காகக் கிளினிக்கை ஒதுக்கிவிட்டேன். நானே எடுக்கிறேன். அவளுடைய புல்லாங்குழல் தேர்வு செப்டம்பரில்தானே, அதற்குள் ஆறிவிடும்.

அவளுக்கு இதைப் படித்துக் காட்டு. ஊசி போட்டதும் வலி இருக்காது, சத்தம் மட்டும் கேட்கும். ஈறைக் கொஞ்சம் கீறி, பல்லைத் துண்டாக்கி எடுப்பேன், தையல் போடுவேன். பஞ்சை அரை மணி நேரம் கடித்திருக்க வேண்டும். கன்னம் மூன்றாம் நாள் வரை வீங்கும், அழகு கெட்டுவிட்டது என்று கண்ணாடியை உடைக்க வேண்டாம். முதல் நாள் ஐஸ் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். துப்பக்கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக்கூடாது. குழிக்குள் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் உயிர் போகிற வலி வரும். வாய் ஒரு வாரம் சரியாகத் திறக்காது, அவளுக்கு அதுதான் பெரிய தண்டனை. மூன்று வாரம் குழலைத் தொடக்கூடாது.

உன் ஞானப்பல்லை நான் எடுத்த அன்றைக்கு நீ ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தாய். அப்புறம், "இவ்வளவுதானாடா?" என்றாய். அவளும் அதையேதான் சொல்வாள், பார்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

எங்கள் ஸ்டேஷனில் தொலைந்த பொருள் கவுன்ட்டருக்கு நேற்று ஒரு பல் செட் வந்தது. இரண்டாம் பிளாட்பார பெஞ்சில் கைக்குட்டையில் சுற்றிக் கிடந்ததாம். சாயங்காலம் ஒரு பெரியவர் வந்து, அது தன்னுடையதுதான் என்று போட்டுக் காட்டி வாங்கிப் போனார். உன் ஞாபகம் வந்தது.

வாலுவுக்கு இங்கேயே பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இந்த முட்டியோடு அவ்வளவு தூரம் பயணம் என்னால் முடியாது. நீயும் வேலை மிகுந்தவன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா

ஜூன் 14

அக்கா,

முட்டிவலிக்காரி போன மாதம் ஓவர்பிரிட்ஜ் ஏறி இறங்கி மூன்று கல்யாணத்துக்குப் போய் வந்ததை வாலு சொல்லிவிட்டாள். "மாமாதான் எடுக்கணும், வேற யார் கைய வச்சாலும் கடிச்சுடுவேன்" என்றும் சொன்னாள். இரண்டு நாளாக ஈறு வீங்கி, சாப்பிட முடியாமல் கிடக்கிறாளாம். நீ இன்னும் எந்த டாக்டரிடமும் காட்டவில்லையாம்.

ஊரில் இருக்கிறவர்களெல்லாம் என்னிடம் வாயைத் திறக்கிறார்கள். சொந்த அக்கா மட்டும் தன் பெண்ணை யாரோ ஒருவரிடம் கொடுப்பேன் என்கிறாள். எனக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்தாயா? நான் என்ன தப்பு செய்தேன்? சுற்றி வளைக்காமல் சொல். இருபத்தெட்டாம் தேதியை நான் ரத்து செய்யவில்லை.

தம்பி

ஜூன் 18

தம்பிக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உட்கார்ந்து படி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீ போட்ட ஊசியின் மரப்பு என் உதட்டை விட்டு இன்னும் போகவில்லை. வலது பக்கம் கீழுதடும் மோவாயும் என்னுடையவை இல்லை. காபி வழிந்தால் புடவை நனைந்த பிறகுதான் தெரியும். உதட்டைக் கடித்து ரத்தம் வந்த பிறகுதான் கடித்தது தெரியும்.

நான் அறிவிப்பு அறையில் மைக் முன்னால் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவள். ஒரு நாள் ரயில் பெயரைச் சொல்லும்போது எச்சில் வழிந்தது. ஒரு வார்த்தை குழறியது. அப்புறம் அடிக்கடி குழறியது. அதிகாரி நல்லவர், திட்டவில்லை, கவுன்ட்டருக்கு மாற்றினார். பதவி உயர்வு என்று உனக்கு எழுதினேன். போனில் பேசினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எடுப்பதில்லை. எப்போதாவது நேரில் பார்த்தால் பேச்சைக் குறைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன், "பல் டாக்டர்னா கூச்சமா?" என்று நீ கேலி செய்வாய்.

நீ கிளினிக் பலகை மாட்டி அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சொன்னால் ஒடிந்துபோவாய் என்று நினைத்தேன்.

அன்று நீ கைப்பட எழுதிக் கொடுத்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஐஸ், உப்புத் தண்ணீர், ஸ்ட்ரா எல்லாம் இருக்கிறது. உதடு மரத்தே போய்விடலாம் என்று ஒரு வரி இல்லை. வாலுவுக்கு நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதிலும் இல்லை. அவள் குழல் வாசிப்பது அந்த உதட்டால்தான்.

என்னுடையது போனது போகட்டும் என்று இருந்துவிட்டேன். அவளை உன்னிடம் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

ஜூன் 25

அக்கா,

ஐந்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எழுதியதெல்லாம் கோபம். தையல் பிரிக்கும்போது, "உதடு எப்படியிருக்கு?" என்று கேட்டேன். "ஜம்முனு இருக்கு" என்றாய். அன்றைக்கே சொல்லியிருந்தால் பெரிய டாக்டரிடம் உன்னை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேனே, ஏதாவது செய்திருக்கலாமே என்று பக்கம் பக்கமாக எழுதினேன். பிறகுதான் நானே என்னைக் கேட்டேன், எல்லா நோயாளிகளின் உதட்டையும் பஞ்சால் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்க்கிறவன் உன்னை மட்டும் ஏன் வாயால் கேட்டேன்? நீ சொன்னதை நம்ப எனக்கும் வசதியாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் கிளினிக்கில் அச்சடித்த தாள் இருந்தது, அந்த வரியோடு. உன் பல்லின் வேர் நரம்பை ஒட்டி இருந்ததை எக்ஸ்ரேயில் பார்த்தேன். அச்சுத் தாளைக் கொடுத்தால் பயந்து எழுந்து போய்விடுவாய் என்றுதான் உனக்கு மட்டும் கையால் எழுதிக் கொடுத்தேன். வாலுவுக்கும் அதையேதான் செய்திருக்கிறேன். நம் வீட்டில் யாரும் யாருக்கும் கெட்டதை முழுதாகச் சொன்னதில்லை. அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டோம்.

நான் அவளைத் தொடமாட்டேன். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் தாடை அறுவை செய்யும் டாக்டர் அம்மா எனக்குப் பாடம் எடுத்தவர். அங்கே வாலுவுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல். வேர் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வேரை அப்படியே விட்டுவிடுவார். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை, குறைவு. இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவளே படிக்கட்டும். அவளே முடிவு செய்யட்டும்.

நான் வரட்டுமா? நீ எழுதினால்தான் வருவேன்.

தம்பி

(தாள்)

வாலு, முதல் வரியை முதலில் படி. உன் உதடும் மோவாயும் மரத்துப்போகலாம். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். சிலருக்குச் சரியாவதே இல்லை. உன் அம்மாவுக்கு ஆகவில்லை. எடுத்தவன் நான். மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான்: ஐஸ், உப்புத் தண்ணீர், துப்பாதே, உறிஞ்சாதே, குழலைத் தொடாதே. மாமா.

ஜூலை 16

அன்புத் தம்பிக்கு,

நீ வரட்டுமா என்று கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றேதான். நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டு நின்றால் நான் வாலுவைப் பார்ப்பதா, உன்னைப் பார்ப்பதா?

தாளை அவளிடம் அப்படியே கொடுத்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா எங்கிட்ட சொல்லலே?" என்றாள். மூன்றாம் நாள் அவளாகவே போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்து, "தலையை மட்டும் வெட்டட்டும்" என்றாள்.

எட்டாம் தேதி அறுவை ஆயிற்று. வேர் உள்ளேயே இருக்கிறது. நீ எழுதியதைப் போலவே மூன்றாம் நாள் கன்னம் பூசணியாக வீங்கியது. முதல் நாலு நாள் உதட்டில் உணர்வே இல்லை. அந்த நாலு நாள் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதே. உன் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று தையல் பிரித்தார்கள். அந்த டாக்டர் அம்மா என்னிடம் பஞ்சைத் திரித்துக் கொடுத்தார். வாலு கண்ணை மூடிக்கொண்டாள். இடது உதட்டைத் தொட்டேன், "தெரியுது" என்றாள். வலது உதட்டைத் தொட்டேன். "கூசுது, போதும்மா" என்று கையைத் தட்டிவிட்டாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தப் பஞ்சை எடுத்து என்னைக் கண்ணை மூடச் சொன்னாள். வலது பக்கத்தில் ரொம்ப நேரம் தொட்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவளிடம் சொன்னேன். ஒன்பது வருஷத்தில் வாயைத் திறந்து அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய். நான்தான் எடுப்பேன். நடுநடுவே குழறும். புரிந்த மாதிரி நடிக்காமல், புரியாததைத் திருப்பிக் கேள்.

உன்,
அக்கா