அச்சாகாத பதினாறு பக்கங்கள்

இந்த ஆண்டின் பரிசுக் குறும்பட்டியலில் உள்ள ஐந்து புத்தகங்களும் நேற்று என் கைக்கு வந்தன. கட்டைப் பிரித்ததும் பைண்டிங் பசையின் வாசனை. முன்பெல்லாம் ஐந்தும் நம் வாசகர் குழுவை நடத்தும் ஷைலா டீச்சர் வீட்டுக்குப் போய், பிறகுதான் ஒவ்வொருவராகக் கைமாறும். இப்போது முதலில் எனக்கு. பக்கமெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொன்ன பிறகே மற்றவர்கள் தொடுவார்கள். இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும்.

நீ இதைப் படிக்கப் போவதில்லை. எனக்கு அந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன்.

பாறசாலையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மதியம், நாம் ஆறு பேர். பரிசோதனைப் புனைவுக்கான அந்தப் பரிசுக்காரர்கள் ஊர் ஊராக வாசகர் குழுக்களின் கருத்தைக் கேட்பார்கள். ஆனால் குழுவுக்கு ஒரு பிரதிதான் அனுப்புவார்கள். நீ குளத்தூர்க் கடற்கரையிலிருந்து வலை வேலை முடித்துக் குளித்துவிட்டு வருவாய். நான் பனச்சமூட்டிலிருந்து. தனுவச்சபுரத்தில் ஒரே வகுப்பில் தொழிற்பயிற்சி முடித்தவர்கள் நாம். நீ அப்பாவின் படகுக்குப் போனாய். நான் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுக்குப் போனேன். குறை கண்டுபிடிக்கச் சம்பளம்.

இரண்டு வருடம் நீ அந்த மாடியில் வாய் திறக்கவில்லை. டீச்சர் கேட்டால், "நீங்க பேசுங்க டீச்சர், நான் கேட்டுட்டு இருக்கேன்" என்பாய். பிறகு ஒரு வருடக் குறும்பட்டியலில் அந்த நாவல் வந்தது. வளைகுடாவுக்குப் போய்த் தகவலே இல்லாமல் போன மகன் ஒருநாள் திரும்பி வருகிறான். இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று அம்மா கேட்கிறாள். ஒரு பக்கத்தின் கடைசி வரி அந்தக் கேள்வி. அடுத்த பதினாறு பக்கங்கள் வெறும் வெள்ளை. அதற்குப் பிறகு அவள் அவனுக்குச் சோறு போடுகிறாள்.

வியாழக்கிழமை போனில் கூப்பிட்டாய். "எலே, எழுதிட்டேன் கேட்டியா. ரெண்டு பக்கம். ஞாயிறாழ்ச்ச வாசிக்கப் போறேன். நல்லா இருந்தா நம்ம குழுவுக்க கருத்தா அதையே அனுப்பலாம்னு டீச்சர் சொன்னாங்க."

"எதப் பத்தி?"

"அந்த வெள்ளப் பக்கத்தப் பத்தியாக்கும்."

அதற்கு முந்தின நாள்தான் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் அதே நாவலைப் புரட்டிப் பார்த்திருந்தேன். பதினாறு என்ற எண்தான் என்னை உறுத்தியது. பதினாறு பக்கம் ஒரே தாளில் அச்சாகி, மடித்துத் தைக்கப்படும். நம் பிரதியில் ஒரு தாள் அச்சாகாமலே தைக்கப்பட்டிருந்தது. கடையிலிருந்த பிரதியில் அந்தப் பக்கங்கள் எழுத்தால் நிரம்பியிருந்தன. அதை வாங்கி வைத்திருந்தேன். போனிலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம். "நல்லா வாசி மக்கா" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்தாயிற்று. அந்த மாடியில் அதுவரை புத்திசாலி நான். நீ எழுதியதை டீச்சர் அனுப்பினால் அந்த இடம் போய்விடும். இதைவிட கௌரவமான காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ எழுந்து நின்று வாசித்தாய். "ரெண்டு நாள் கடல்ல காணாமப் போயி திரும்பி வந்தவன்கிட்ட, கரையில நிக்கிறவங்க என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். கேட்டவங்களுக்கும் பதில் வேண்டாம், ஆளு வந்தா போதும். அந்த நேரத்துக்கு ஆக்கும் இந்தப் பதினாறு பக்கம்." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீ உட்கார்ந்ததும் நான் பையிலிருந்து என் பிரதியை எடுத்து மேசையில் விரித்து வைத்தேன்.

"பேசினது எல்லாம் சரி. ஆனா இது பிரிண்டிங் மிஸ்டேக்காக்கும்."

புத்தகம் ஆறு கைகளுக்கும் போய் வந்தது. வில்லேஜ் ஆபீஸில் வேலை பார்க்கும் சுரேஷ், "அப்போ பரிச பிரஸ்காரனுக்குக் குடுத்திரலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும். நீயும் கூடச் சிரித்தாய். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி மக்கா, பஸ்ஸு உண்டு, வாறேன்" என்று இறங்கினாய். உன் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. குழுவின் கருத்தாகக் கடைசியில் நான் எழுதியதுதான் போனது. 'கட்டமைப்பு பலவீனமானது' என்று ஆரம்பிக்கும்.

பிறகு நீ வரவில்லை. ஒருமுறை பாறசாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லலே. புத்தகம் எடுத்தா முதல்ல பக்க நம்பர எண்ணிப் பாக்கேன். நல்ல ஒரு இடம் வந்தா, இது உள்ளதுதானா, இல்ல பிரஸ்காரனுக்க பிசகான்னு தோணுது. பின்னே மூடி வச்சிருவேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பல்வலியைச் சொல்வதுபோலச் சொன்னாய். "அதெல்லாம் விடுலே" என்று நான் பஸ் ஏறிவிட்டேன். அந்த மழையில் உனக்கு எலிக்காய்ச்சல். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஆறாவது நாள் கேள்விப்பட்டேன். கம்பெனியில் ஆடிட் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன். நீ வியாழக்கிழமை போய்விட்டாய்.

அஞ்சலிக் கூட்டத்தில் உன்னை ஆழ்ந்த வாசகர் என்றார்கள். முதலில் பேசியது சுரேஷ். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அந்தப் பதினாறு பக்கங்களை அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகப் படித்தேன். மகன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். ஏஜெண்ட், ஜெயில், பாலைவனம், மன்னிப்பு. அம்மா கட்டிப்பிடித்து அழுகிறாள். மட்டமான பக்கங்கள். நம் பிரதியில் இருந்ததுதான் நல்ல நாவல். அதைப் படித்தது நீ மட்டும்.

நீ எழுதிய தாளைக் கேட்டு உன் வீட்டுக்குப் போனேன். "சட்டையெல்லாம் துவைச்சாச்சு அண்ணா, பேப்பர் ஒண்ணும் கிடைக்கல்ல" என்றாள் உன் தங்கை. என் நினைவிலிருந்து எழுதிவிடலாம் என்று பல தடவை உட்கார்ந்தேன். மேலே எழுதிய நான்கு வரிக்கு மேல் வரவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நீ வாசித்த நேரமெல்லாம் நான் கேட்கவே இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, நீ எப்போது முடிப்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.