தலையாட்டி வாங்கிய மீன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கண்ணில் இரும்புத்தூள் பட்டதாக அம்மா சொன்னாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். அலமாரியில் வைப்பதற்காக அதை நான் வாங்கித்தரவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். பட்டறையில் லேத் எந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிய பழக்கத்தில் நீங்கள் போனிலும் சத்தமாகப் பேசுவீர்கள். நான் "ம்" என்பேன். உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். நான் சொல்ல நினைத்தது அப்படியே நின்றுவிடும். நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படக் கூடாது என்று பெரிதாக எழுதியிருக்கிறேன்.

அலுவலகத்தில் நாள் முழுவதும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். நிரப்பாத கட்டத்துக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை. அறைக்குத் திரும்பினால் அங்கும் பேச ஆளில்லை. அதனால்தான் போன மாதம் ஒரு மீன் வாங்கினேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, ஆரஞ்சு நிறம். பொடிசு என்று பெயர் வைத்தேன். கதவில் சாவி போடும்போதே கண்ணாடியோரம் வந்து நிற்கும். அன்றன்று நடந்ததை அதனிடம்தான் சொல்லுவேன். சிரிக்காதீர்கள்.

நான் வேலைக்குப் போனபின் அது தனியாகக் கிடக்கிறதே என்று, போன சனிக்கிழமை அதற்கு ஒரு துணை வாங்கப் போனேன். கடையில் ஒரு சாம்பல் நிற மீன் மட்டும் தனித் தொட்டியில் இருந்தது. பொடிசைப் போல மூன்று மடங்கு இருக்கும். இதுவும் பாவம் தனி என்று நினைத்தேனே தவிர, ஏன் தனியாக விட்டிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அதை வலையில் பிடித்துக்கொண்டே கடைக்காரர், "வீட்ல இருக்கிறதும் இதே சைஸ்தானேம்மா?" என்றார். பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. தலையாட்டிவிட்டேன்.

இரண்டு நாள் அது கல்லுக்குப் பின்னால் ஒளிந்தே கிடந்தது. என்னைப் போலக் கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கதவைத் திறந்தேன். பொடிசு வரவில்லை. துள்ளி வெளியே விழுந்திருக்குமோ என்று கட்டிலுக்கடியில், மேசைக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். பிறகுதான் பெரிய மீனின் வாயோரம் ஆரஞ்சு நூல் போல ஒன்று தெரிந்தது.

அதைப் பையில் கட்டித் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் கோபப்படவில்லை. "நான் கேட்டேனேம்மா, நீங்கதானே தலைய ஆட்டுனீங்க?" என்றார். அலுவலகத்தில் பக்கத்து இருக்கை அக்கா, "நீ ஜோடி சேத்தியா, சோறு போட்டியா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். தொட்டியை இன்னும் கவிழ்க்கவில்லை. சாவி போட்டதும் கண் தானாக அங்கேதான் போகிறது.

வீட்டின் முதல் பட்டதாரி என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். அந்தப் பட்டதாரிக்கு ஒரு வார்த்தை வாய் திறந்து சொல்லத் தெரியவில்லை. சின்ன வயதில் பட்டறை வாசலில் நிற்பேன். நீங்கள் உள்ளேயிருந்து சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்பீர்கள். சாப்பிடாவிட்டாலும் தலையாட்டுவேன். அந்தச் சத்தத்தில் "இல்லை" என்று சொன்னால் உங்களுக்கு எங்கே கேட்கும்? அப்படியே பழகிவிட்டது.

போன வாரம் அந்த வரனைப் பற்றிச் சொல்லிவிட்டு, "எத்தனை நாள் தனியா கெடப்ப, உனக்கும் ஒரு துணை வேணாமா?" என்று கேட்டீர்கள். நான் "ம்" என்றேன். அதை வைத்து அடுத்த மாதம் முதல் ஞாயிறு பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லிவிட்டீர்களாம். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகக் கூடாது என்கிறார்களாம். இரண்டையும் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். அந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது அப்பா.

முந்தின நாளே கிளம்பி நேராகப் பட்டறைக்கு வருகிறேன். லேத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை என்னைக் கேளுங்கள். தலையாட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாய் திறந்து சொல்லும்வரை பொறுத்திருங்கள். கொஞ்ச நேரம் ஆகும்.

கண்ணாடியை மறக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்