மாதா கோயில் குப்பம் என்று எழுதிய பலகை

நேற்று என் மகள் ஜெர்மனியிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அங்கே நர்ஸ் வேலைக்குப் போயிருக்கிறாள். நீ செத்துப்போன பிறகுதான் கிளம்பினாள். புதிதாகக் குடிபோன ஊரின் பெயர்ப்பலகை அது. கிர்ஷ்டோர்ஃப். "கிர்ஷென்னா சர்ச்சு, டோர்ஃப்னா கிராமம். மொதல்ல சர்ச்சு கட்டிக்கிறாங்க, அப்புறம் சுத்தி வீடு வந்துக்குது. இந்த மாதிரி பேர்ல இங்க நெறைய ஊரு கீதும்மா" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

உங்கள் வீடுகளும் அப்படித்தான் வந்தன. ஏரிக்கரையில் முதலில் ஓலை வேய்ந்த மாதா கோயில், பிறகு அதைச் சுற்றி நீங்கள். எங்கள் குப்பத்தின் பெயரிலேயே இருந்தவரை யாருக்கும் உறுத்தவில்லை. தனிப்பெயர் எழுதிப் பலகை நட்டீர்கள். தனி ஊரானால் ஏரியில் வலை போடத் தனி முறைநாளும் கேட்பார்கள் என்று எங்கள் ஆண்கள் கிளம்பினார்கள். பெண்களும் போனோம்.

பலகையைக் கோடரியால் பிளந்தார்கள். தடுக்க வந்த உன் வீட்டுக்காரரைத் துடுப்பால் அடித்தார்கள். தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. படகுகள் எரிந்தன. உங்கள் பக்கமிருந்து வந்த பாட்டில் என் தம்பியின் மண்டையைப் பிளந்தது. அவன் ரத்தம் என் புடவையெல்லாம். குனிந்து ஒரு ஜல்லிக் கல்லை எடுத்தேன். யாரையும் பார்த்து எறியவில்லை என்று பின்னால் எத்தனையோ முறை எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். கோயில் வாசலில் நின்றது நீ என்று தெரிந்துதான் எறிந்தேன். அன்று காலையில்தான் இருவரும் ஒரே பஸ்ஸில் ஆரம்பாக்கம் போய் மீன் விற்றுத் திரும்பியிருந்தோம்.

உன் இடது கண் போயிற்று. போலீஸ் கேட்டபோது, "கூட்டத்துல எவ எறிஞ்சானு தெர்ல சார்" என்றாய். பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பலகையை மறுபடி யாரும் நடவில்லை.

மூன்று மாதம் கழித்து, கூடையோடு பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன்.

"உக்காருடி. உன் கை எனக்குத் தெரியாதா? மன்னிச்சுட்டேன்னுலாம் நெனச்சுக்காத. இந்தப் பக்கம் எனக்குத் தெர்ல. ரோடு தாண்ட ஆளு வோணும்."

அதன்பிறகு ஒன்பது வருடம் உன் இடப்பக்கம் நடந்தேன். அதைப் பற்றி ஒருநாளும் நாம் பேசவில்லை. போன மாசியில் காய்ச்சலில் நீ போனாய். கல்லறைத் தோட்டத்தில் உன் மகன் என்னிடம், "நீங்க கெளம்புங்க" என்றான். கிளம்பிவிட்டேன். அவன் சொன்னதில் தப்பில்லை.

இன்றும் ஹைவே ஓரம் நிற்கும்போது, "லாரி வருதுடி, நில்லு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.